அரசு நிலத்துக்கு லீஸ் ரென்ட் கட்டுறீங்களா? டிடிஎஸ் எதுக்குப் பிடிக்கணும், எதுக்குப் பிடிக்க வேணாம்

டிமாண்ட் நோட்டீஸ் கைக்கு வந்ததும் அக்கவுன்ட்ஸ் ஆளுங்க மொதல்ல கேக்குறது "இது கவர்மென்ட் ஆச்சே, கவர்மென்ட்டுக்குப் போய் யாராவது டிடிஎஸ் பிடிப்பாங்களா"ன்னுதான். டிடிஎஸ்னா பணம் கட்டுறப்பவே அதுல ஒரு பங்க வருமான வரியாப் பிடிச்சு, வாங்குறவங்க பேர்ல வரித்துறைக்குக் கட்டுறது. நான் லீஸ் நிலத்துல ஃபேக்டரி நடத்துற கம்பெனில பல வருஷமா இந்த பேமென்ட் எல்லாம் பாக்குறேன், அந்தக் கேள்விக்கு யோசிக்காம "வேணாம் சார், ஃபுல்லா கட்டிருங்க"ன்னு சொன்னவங்க அப்புறம் டிடிஎஸ் ஆபீசர் முன்னாடி ஃபைலோட உக்காந்ததையும் பாத்திருக்கேன். அதனால வரிசையா எழுதுறேன், உங்க டிமாண்ட் நோட்டீஸ பக்கத்துல வச்சுக்கிட்டே படிங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். 2026 ஏப்ரல் 1-லேருந்து 1961 சட்டம் போய் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருது, வாடகைக்கான பழைய 194ஐ இப்ப செக்‌ஷன் 393-க்குள்ள இருக்கிற டேபிள்ல ஒரு வரி, ஃபார்ம் நம்பர்களும் மாறுது. ஆனா பிடிக்கிற விதம் மாறல, பழைய வருஷத்து நோட்டீஸ் எல்லாம் பழைய நம்பர்லதான் வரும், எல்லார் வாயிலயும் 194ஐ-தான் இருக்கு. அதனால நானும் பழைய நம்பர்லயே சொல்றேன்.

மொதல்ல பாக்க வேண்டியது பணம் யாருக்குப் போகுதுங்கிறது. செக்‌ஷன் 196 சொல்றது ரொம்ப சிம்பிள், அரசாங்கத்துக்கே நேரடியாக் கட்டுற பணத்துல டிடிஎஸ் கிடையாது. ரெவின்யூ டிபார்ட்மென்ட், பொதுப்பணித்துறை, ரயில்வே இதெல்லாம் அரசாங்கமே. ஆனா அரசு ஆரம்பிச்ச கம்பெனி அரசாங்கம் இல்ல, அரசு சட்டம் போட்டு உருவாக்குன ஆணையமும் அரசாங்கம் இல்ல, இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க. சிப்காட் 1971-ல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, டிட்கோவும் (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) அப்படித்தான் ஒரு கம்பெனி. சென்னைத் துறைமுக ஆணையம், ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி எல்லாம் சட்டப்படி தனி ஆள். கவர்மென்ட் முத்திரை போட்ட லெட்டர்ஹெட்ல, ஐஏஎஸ் அதிகாரி கையெழுத்தோட டிமாண்ட் வந்தாலும் பான் கார்டு அந்த அமைப்போட பேர்லதான இருக்கு, அத பாருங்க.

"நாங்க லோக்கல் அத்தாரிட்டி, எங்க வருமானத்துக்கு வரியே இல்ல, டிடிஎஸ் பிடிக்காதீங்க"ன்னு ஒரு லெட்டர் சில ஆபீஸ்ல இன்னும் குடுக்குறாங்க. அந்த லெட்டர் ஒரு காலத்துல செல்லுபடியாச்சு. 1995 ஜனவரில வந்த சர்க்குலர் 699, செக்‌ஷன் 10(20), 10(20ஏ)-ல வர்ற அமைப்புங்க எங்களுக்கு வரிவிலக்கு இருக்குன்னு சர்டிஃபிகேட் குடுத்தா வாடகைல பிடிக்க வேணாம்னு சொல்லுச்சு. அப்புறம் 2002 ஃபைனான்ஸ் ஆக்ட்ல 10(20ஏ)-வையே தூக்கிட்டாங்க, 10(20)-ல லோக்கல் அத்தாரிட்டின்னா பஞ்சாயத்து, நகராட்சி மாநகராட்சி, முனிசிபல் கமிட்டி, டிஸ்ட்ரிக்ட் போர்டு, கன்டோன்மென்ட் போர்டு இவ்வளவுதான்னு சுருக்கிட்டாங்க, 2003 ஏப்ரல்லேருந்து அதுதான் சட்டம். அதனால மாநகராட்சி நிலத்துக்கோ கடைக்கோ வாடகைன்னா அவங்ககிட்ட அந்த சர்டிஃபிகேட் வாங்கி ஃபைல்ல போட்டுட்டு ஃபுல்லா கட்டலாம். வளர்ச்சி ஆணையமோ தொழில் பூங்கா நிறுவனமோ அதே மாதிரி ஒரு லெட்டர நீட்டுனா அத நம்பாதீங்க.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்ல, சுப்ரீம் கோர்ட்டே தீர்த்து வச்ச விஷயம். உத்தரப்பிரதேசத்துல நொய்டா ஆணையம் நாங்க லோக்கல் அத்தாரிட்டிதான்னு கடைசி வரைக்கும் வாதாடுச்சு, 2018 ஜூலை 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இல்லன்னு சொல்லிருச்சு. அதே நாள்ல, வருஷா வருஷம் கட்டுற லீஸ் ரென்ட்ல 194ஐ-படி டிடிஎஸ் பிடிச்சே ஆகணும்னு டெல்லி ஐகோர்ட் 2017 பிப்ரவரில ராஜேஷ் ப்ராஜெக்ட்ஸ் கேஸ்ல குடுத்த தீர்ப்பையும் உறுதி பண்ணுச்சு. அந்த கேஸ்ல பாவம் யாருன்னா நிலம் வாங்குனவங்கதான், ஆணையம் முழுப்பணத்தக் கட்டுன்னு சொல்லுது, வரித்துறை ஏன் பிடிக்கலன்னு கேக்குது, ரெண்டு பக்கமும் இடி. இன்னைக்கு நமக்கு அந்தக் குழப்பம் இல்ல, தீர்ப்பு நம்ம கையில இருக்கு.

அடுத்தது எதுக்குப் பணம் போகுதுங்கிறது. இதுலதான் நேரம் செலவு பண்ணணும், ஏன்னா டிமாண்ட் நோட்டீஸ்ல ஒரே டோட்டலா இருக்கும், உள்ள நாலஞ்சு தலைப்பு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு விதி. டோட்டல்ல பத்து பர்சென்ட் பிடிச்சாலும் தப்பு, டோட்டல்ல ஒண்ணும் பிடிக்காம விட்டாலும் தப்பு.

லீஸ் பிரீமியம், ப்ளாட் காஸ்ட், அப்ஃப்ரன்ட் சார்ஜ்னு என்ன பேர்ல இருந்தாலும் சரி, நீண்ட கால லீஸ் உரிமைய வாங்குறதுக்காக ஒரே தடவை கட்டுற பணம், பின்னாடி வாடகைல கழிக்கப்படாத பணம், இதுல டிடிஎஸ் இல்ல. இதுக்கு ஆதாரம் சிபிடிடி-யோட (மத்திய நேரடி வரிகள் வாரியம்) சர்க்குலர் 35/2016, தேதி 2016 அக்டோபர் 13. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல சொந்தமா ஒரு சந்தோஷம் இருக்கு, அந்த சர்க்குலர் வர்றதுக்குக் காரணமா காட்டுன தீர்ப்புகள்ல ரெண்டு சென்னை ஐகோர்ட் தீர்ப்பு, ஃபாக்ஸ்கான் இந்தியா டெவலப்பர் கேஸும் ட்ரில் இன்ஃபோபார்க் கேஸும், ரெண்டுமே 99 வருஷ லீஸ். அவ்வளவு நீள லீஸுக்குத் திரும்பி வராத மொத்தப் பணம் குடுத்தா அது கிட்டத்தட்ட நிலத்த வித்த மாதிரிதான், வாடகைன்னு சொல்ல முடியாதுங்கிறதுதான் விஷயம். அந்த பிரீமியத்த அஞ்சு தவணை, எட்டு தவணைன்னு பிரிச்சுக் கட்டுனாலும் அது பிரீமியம்தான், வாடகை ஆயிடாதுன்னு ராஜேஷ் ப்ராஜெக்ட்ஸ் தீர்ப்புல தெளிவா இருக்கு. ஆனா லீஸ் டீட்ல "இந்த அட்வான்ஸ் வருடாந்திர வாடகையில் சரிக்கட்டப்படும்"னு ஒரு வரி இருந்துச்சுன்னா கதை மாறிடும், அப்ப அது முன்கூட்டியே கட்டுற வாடகை, பிடிக்கணும். அதனாலதான் லீஸ் டீட முழுசாப் படிங்கன்னு சொல்றேன், அலாட்மென்ட் ஆர்டர மட்டும் பாத்துட்டு முடிவு எடுக்காதீங்க.

வருடாந்திர லீஸ் ரென்ட், கிரவுண்ட் ரென்ட், லைசென்ஸ் ஃபீ, இதெல்லாம் வாடகைதான். 194ஐ-ல வாடகைக்கான விளக்கமே "எந்தப் பேரால் அழைத்தாலும்"னுதான் ஆரம்பிக்குது, நிலத்தப் பயன்படுத்த ஒரு ஒப்பந்தத்தின் கீழ குடுக்குற எந்தப் பணமும் அதுல வரும். ரெண்டு மூணு வருஷம் முன்தேதி போட்டு ரென்ட ஏத்தி அரியர்ஸ் கேட்டாலும் அதுவும் வாடகைதான், நீங்க புக்ல போடுற நாளோ கட்டுற நாளோ எது முன்னாடி வருதோ அன்னைக்கு மொத்த அரியர்ஸ்லயும் பிடிச்சிருங்க. திரும்பி வர்ற டெபாசிட்னா பிடிக்க வேணாம். பிரீமியத் தவணை லேட்டானதுக்கு வட்டி போட்டிருந்தா அது 194ஏ (வட்டிக்கான டிடிஎஸ்) பக்கம் போற சமாச்சாரம், நொய்டா மாதிரி மாநிலச் சட்டத்தால் உருவான ஆணையத்துக்குக் கட்டுற வட்டிக்கு 1970 அக்டோபர் 22 நோட்டிஃபிகேஷன்படி விலக்கு உண்டுன்னு அதே 2018 ஜூலை 2 அன்னைக்கு கனரா பேங்க் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

பராமரிப்புக் கட்டணம்தான் கொஞ்சம் இழுபறி. ரோடு, தெருவிளக்கு, வடிகாலுக்காகத் தனியா பில் போட்டா நான் 194சி-ல (கான்ட்ராக்ட் வேலைக்கான டிடிஎஸ்) ரெண்டு பர்சென்ட் பிடிப்பேன், நிலத்தோட வாடகையோட சேர்த்து ஒரே தொகையா வாங்குனா பத்து பர்சென்ட். நிலத்துல கால் வச்சாலே வாடகை ஆயிடாதுங்கிறதுக்கு நல்ல உதாரணம் ஜப்பான் ஏர்லைன்ஸ் கேஸ், ஏர்போர்ட்ல விமானம் எறங்குறதுக்கும் நிக்கிறதுக்கும் கட்டுற கட்டணம் வாடகை இல்ல, 194சி-தான்னு 2015-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதுலயும் டெல்லி ஐகோர்ட் பார்வைய விட்டுட்டு சென்னை ஐகோர்ட் பார்வையத்தான் ஏத்துக்கிட்டாங்க.

இனி கணக்கு. நிலம், கட்டடத்துக்கு ரேட் 10 பர்சென்ட். லிமிட் முன்னாடி வருஷத்துக்கு 2,40,000 ரூபாயா இருந்துச்சு, 2025 ஏப்ரல் 1-லேருந்து மாசத்துக்கு, இல்லாட்டி மாசத்தோட ஒரு பகுதிக்கு 50,000 ரூபாய்னு மாத்திட்டாங்க. இதுல ஒரு சந்தேகம் வரும், வருஷ வாடகை 3,60,000 ரூபாய ஏப்ரல்ல ஒரே செக்கா குடுத்தா அது 50,000-த்தத் தாண்டுதான்னு. சட்டம் சொல்றது ஒரு மாசத்துக்கான வாடகை, அப்படிப் பாத்தா மாசம் 30,000-தான், லிமிட்டுக்குள்ள வருது, இது என் வாசிப்பு. ஆனா பாதுகாப்பா இருக்கணும்னு நெனைக்கிறவங்க பிடிச்சிரலாம், பிடிச்சதுக்காக வரித்துறை நோட்டீஸ் அனுப்பாது. சிப்காட் மாதிரி எடத்துல பிரீமியம் பெருசா வாங்கிட்டு வருஷ ரென்ட் பேருக்குன்னு இருக்கும், அங்க லிமிட்டே தாண்டாது, தாண்டலன்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைல்ல வச்சா போதும்.

ஜிஎஸ்டி இன்வாய்ஸ்ல தனியாக் காட்டியிருந்தா அதுல டிடிஎஸ் கிடையாது, சர்க்குலர் 23/2017. உதாரணத்துக்கு வருஷ ரென்ட் 12,00,000, ஜிஎஸ்டி 18 பர்சென்ட் 2,16,000, மொத்தம் 14,16,000. டிடிஎஸ் 12 லட்சத்துல மட்டும், 1,20,000. ஆணையத்துக்கு 12,96,000 போகும், 1,20,000 கவர்மென்ட்டுக்கு சலான்ல போகும். ஆணையத்தோட பான் நம்பர கண்டிப்பா எழுத்துல வாங்குங்க, பான் இல்லன்னா 20 பர்சென்ட் பிடிக்கணும், தப்பான பான்ல போட்டா கிரெடிட் வேற எங்கயோ போய் அப்புறம் திருத்தம் போட்டே ஓஞ்சு போவோம்.

கம்பெனி, பார்ட்னர்ஷிப் எல்லாம் பிடிக்கணும். தனி ஆளோ இந்து கூட்டுக்குடும்பமோ முந்தின வருஷ பிசினஸ் டர்ன்ஓவர் 1 கோடி, தொழில்முறை வருமானம் 50 லட்சம் தாண்டியிருந்தா மட்டும் 194ஐ. தாண்டாதவங்களுக்கு 194ஐபி இருக்கு, மாச வாடகை 50,000-த்துக்கு மேல போனா 2 பர்சென்ட், அதுக்கு டான் நம்பர்கூட (டிடிஎஸ் பிடிக்கிறவங்களுக்குத் தர்ற நம்பர்) வேணாம்.

பிடிச்ச பணத்த அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கட்டணும், மார்ச்ல பிடிச்சதுக்கு ஏப்ரல் 30. ஒரு நாள் லேட்டுன்னா ஒண்ணும் இல்லன்னு நெனைக்காதீங்க. ஏப்ரல் 10-ல பிடிச்ச அந்த 1,20,000-த்த மே 7-க்குப் பதிலா மே 8-ல கட்டுனா ஏப்ரலும் மேயும் ரெண்டு மாசமா எண்ணி, மாசத்துக்கு ஒன்றரை பர்சென்ட் வீதம் 3,600 ரூபாய் வட்டி வரும். காலாண்டு ரிட்டர்ன் 26க்யூ, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31, விட்டா நாளுக்கு 200 ரூபாய். அதுக்கப்புறம் 15 நாளுக்குள்ள வரித்துறையோட ட்ரேசஸ் வெப்சைட்ல இருந்து 16ஏ-ங்கிற டிடிஎஸ் சர்டிஃபிகேட் எடுத்து ஆணையத்துக்குக் குடுக்கணும்.

அந்த 16ஏ-ய சும்மா மெயில்ல தட்டி விடாதீங்க, இத அனுபவத்துல சொல்றேன். நாங்க ஒரு ஆணையத்துக்கு மூணு வருஷமா ஒழுங்கா பிடிச்சுக் கட்டிட்டு வந்தோம், திடீர்னு அவங்க ரென்ட் செக்‌ஷன்லேருந்து நிலுவைத்தொகை வட்டியோட ஒரு நோட்டீஸ். பாத்தா அந்த நிலுவை பைசா சுத்தமா நாங்க பிடிச்ச டிடிஎஸ் தொகை, அவங்க லெட்ஜர்ல வந்த பேங்க் பணத்த மட்டும் வரவு வச்சிருக்காங்க. அவங்க ஃபைனான்ஸ் பிரிவுல 26ஏஎஸ்-ல (அவங்க பான்ல வந்த டிடிஎஸ் எல்லாம் காட்டுற ஸ்டேட்மென்ட்) எங்க பேர்ல கிரெடிட் இருக்கு, எஸ்டேட் பிரிவுக்கு அது தெரியவே தெரியாது. நாலு தடவ நேர்ல போயி, வருஷவாரியா பில், பேங்க்ல போனது, சலான், 16ஏ நம்பர்னு ஒரே ஷீட்டாப் போட்டுக் குடுத்து ரெண்டு பிரிவுலயும் சீல் வாங்குன பிறகுதான் வட்டிய எடுத்தாங்க. அதுலேருந்து ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் முன்னாடியே "இந்த டிமாண்ட்ல இவ்வளவு தொகை வருமான வரிச் சட்டப்படி பிடித்தம், மீதி இன்று அனுப்பப்படுகிறது"ன்னு லெட்டர் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கிடுறேன், தீர்ப்பு நகலும் கூட வச்சிருவேன்.

ஆன்லைன் போர்ட்டல்ல முழுத்தொகைய விடக் கம்மியா கட்டவே விடலன்னா? லீஸ் ரத்து ஆகுற அளவுக்கு ரிஸ்க் எடுக்க முடியாது. முழுசாக் கட்டிட்டு டிடிஎஸ்ஸையும் உங்க கையிலேருந்து சலான்ல கட்டிருங்க, 16ஏ-வோட அடுத்த டிமாண்ட்ல அந்தத் தொகைய வரவு வைக்கச் சொல்லி எழுதுங்க. எழுத்துல கேக்காம விட்டா அந்தக் காசு திரும்பி வராது. அவங்களுக்கு நிஜமாவே வரிவிலக்கு இருந்தா செக்‌ஷன் 197 சர்டிஃபிகேட் வாங்கிட்டு வரட்டும், அதுல உங்க டான் நம்பரும் எந்தத் தேதி வரைக்கும்னும் இருக்கும், அது கையில இருந்தா அதுல சொன்ன ரேட்டுல பிடிச்சா போதும்.

பழைய வருஷத்துல பிடிக்காம விட்டுட்டீங்களா, பதறாதீங்க. பிடிக்காததுக்கு மாசம் ஒரு பர்சென்ட் வட்டி, அந்தச் செலவுல 30 பர்சென்ட்ட வருமானக் கணக்குல ஒத்துக்க மாட்டாங்க. ஆனா ஆணையம் அந்த வாடகைய தன் வருமானத்துல காட்டி ரிட்டர்ன் போட்டு வரியும் கட்டியிருந்தா, அவங்க சிஏ-கிட்ட ஃபார்ம் 26ஏ சர்டிஃபிகேட் வாங்குங்க, மொத்த வரிய உங்க மேல சுமத்த முடியாது, அவங்க ரிட்டர்ன் போட்ட தேதி வரைக்குமான வட்டியோட முடியும். அந்த சர்டிஃபிகேட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், அவங்க ஃபைனான்ஸ் ஆபீசரைத் தேடிப் போகணும், ஆடிட்டர் மாறியிருப்பாரு, பழைய ஃபைல் கெடைக்காது. அதனால நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, விட்ட வருஷம் எதுன்னு இன்னைக்கே லிஸ்ட் எடுத்து 26ஏ கேட்டு லெட்டர் போடுங்க.