சாம்பல் வயிற்றுக் குயில்: பார்த்தும் தவறவிடுகிற விதங்கள்

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அன்று ஏரிக்கரைக் கருவேல மரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. 'சாம்பல் வயிற்றுக் குயில்' என்று உற்சாகமாக எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால், அது கருந்தலைக் குயில்கீச்சான் என்ற வேறு பறவையின் பெண்! பெண்ணுக்குத் தலையில் கறுப்பு இருக்காது. அதில்தான் ஏமாந்தேன். கம்பளிப்பூச்சி தின்பதும் இரண்டுக்கும் பொது. அலகைக் கவனித்திருந்தால் போதும். கீச்சானுக்கு அது தடித்து, நுனி கொக்கிபோல் இருக்கும். குயிலுக்கு மெலிந்து, லேசாக வளைந்திருக்கும். போதாக்குறைக்கு, பெண் கீச்சானின் வயிற்றில் வரிகள் உண்டு. வளர்ந்த, சாம்பல் நிறத்தில் இருக்கும் குயிலுக்கு வரியே கிடையாது. அடிவயிறும் வாலடியும் வெள்ளையாக இருக்கும், வால் சிறகுகளின் நுனியிலும் வெள்ளை தெரியும்.

குயில் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு போவது அடுத்த தவறு. இந்தக் குயில் கூவுவது இனப்பெருக்கக் காலத்தில். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் கதிர்க்குருவி, தையல்சிட்டு போன்றவற்றின் கூட்டில் முட்டையிடும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும்போது பெரும்பாலும் வாயே திறக்காது. குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் செயலி அப்போது உதவாது. பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி அழைப்பது இன்னும் மோசம். பறவைக்கு வீண் தொந்தரவு, அவ்வளவுதான்.

தோட்டத்துக் குயில் அளவுக்குத் தேடாதீர்கள். இது சுமார் 23 செ.மீ.தான். மைனா நீளம், ஆனால் ஒல்லி உடம்பு.

அதிகம் பேர் சறுக்குவது நிறத்தில். பெண் குயில்களில் சில சாம்பலாக இல்லாமல், செம்பழுப்பில் கருவரிகளோடு இருக்கும். உடனே 'வரிக்குயில்' (பேண்டட் பே குக்கூ) என்று எழுதிவிடுகிறார்கள். முகத்தைப் பாருங்கள். வரிக்குயிலுக்குக் கண்ணுக்கு மேலே தெளிவான வெள்ளைப் புருவம், கண்ணை ஒட்டி இருண்ட பட்டை. நம் குயிலுக்கு அந்தப் புருவம் இராது. இடமும் கைகொடுக்கும். வரிக்குயில் பெரும்பாலும் காட்டுப் பறவை. இதுவோ முள் புதர், வயல் ஓரம் என்று திறந்த வெளியிலும் இருக்கும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் பலரும் படத்துக்காக மரத்தடிக்கே போய் நிற்கிறார்கள். தள்ளியே உட்காருங்கள். புழுவைப் பிடிக்கத் தரைக்கு இறங்கிவிட்டு மறுபடி கிளைக்கு வரும். பறக்கும்போது இறக்கையின் அடியில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதுவும் தெரியாமல் பறந்துவிட்டால் பட்டியலில் வெறும் 'குயில்' என்று மட்டும் போடுங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.