கரையோர டிரோலிங்: படகு ஓட ஓட மீன் பிடிக்கும் முறை

கரையில் நின்று லூர் (செயற்கை இரை) வீசிப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சு போடுவது, ரீலில் லைன் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் போவது சென்னைக்குத் தெற்கே, கோவளம் பக்கம், அவுட்போர்டு என்ஜின் மாட்டிய ஃபைபர் படகில். எட்டுப் பத்துப் பாகம் ஆழம் (ஒரு பாகம் என்பது ஆறடி). கரை கண்ணில் தெரியும். குறி வஞ்சிரம், பாறை, சூரை மீன்கள்.

1. சாமான். குட்டையான, முறுக்கான ராடு, 6000 அளவு ஸ்பின்னிங் ரீல், 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்) போதும். லூரில் எனக்கு வாய்த்தகடு வைத்த, தானாக ஆழத்துக்கு இறங்கும் ரகம்தான் பிடிக்கும். ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் ஒன்று இருந்தால் ஆரம்பத்துக்கு வேறெதுவும் வேண்டாம். வஞ்சிரத்தின் பல் கத்தரிக்கோல் மாதிரி, அதனால் லூருக்கு முன்னால் ஒரு முழம் கம்பி லீடர் கட்டாயம்.

2. லூர் நேராக நீந்துகிறதா? தூரத்தில் விடுவதற்கு முன் படகை ஓட்டியபடியே, பக்கவாட்டில் ஒரு பாகம் லைன் விட்டுப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்து ஓடினால், லைன் கட்டும் வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம்.

3. லைன் விடுவது. இரண்டு லைன்: ஒன்று இருபத்தைந்து மீட்டரில், இன்னொன்று நாற்பதில். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள், சட்டென்று ஒடித்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும்.

4. வேகம். புதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், எனக்கும் இது பிடிபட நாளாயிற்று. 'ஐந்து நாட் வேகத்தில் ஓட்டு' என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஜிபிஎஸ்ஸில் ஐந்து வைத்துத் தெற்கே போனால் மீன் அடிக்கும், அதே ஐந்தில் வடக்கே திரும்பினால் ஒன்றும் இருக்காது. காரணம் நீரோட்டம். ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். லூருக்குத் தெரிவது தண்ணீர் மட்டும்தான். ஒரு நாட் நீரோட்டத்தை எதிர்த்து ஓடினால் லூருக்கு அது ஆறு, கூடவே ஓடினால் நான்கு. வேகம் கூடினால் லூர் மேலே வந்து புரளும், குறைந்தால் செத்தது போல வரும்.

இந்தக் கரையில் மீனவர்கள் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். படகு ஏறியதும் 'அண்ணே, இன்னிக்கு வன்னியா தெண்டியா?' என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் ஜிபிஎஸ்ஸை மறந்துவிட்டு ராடு நுனியைப் பாருங்கள். விடாமல் படபடவென்று துடித்தால் லூர் ஒழுங்காக நீந்துகிறது. துடிப்பு நின்றால் வேகத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா, உடனே சுற்றி எடுங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கும். ஆறு கடலில் சேரும் இடங்களில், மழைக்குப் பிறகு, இதே வேலையாகத்தான் இருக்கும்.

5. எங்கே ஓட்டுவது? பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) விளிம்பை ஒட்டி, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில், ஆலாப் பறவைகள் முங்கும் இடத்தில். பறவைக் கூட்டத்துக்கு நடுவே போகாதீர்கள், ஓரமாகச் சுற்றுங்கள். மிதவை தெரிந்தால் அங்கே வலை இருக்கிறது என்று அர்த்தம், தள்ளிப் போங்கள். அடுத்தவர் வலையை அறுத்துவிட்டு மீன் பிடிப்பது மகா அசிங்கம்.

6. அடித்தால்? டிராக்கை (மீன் இழுக்கும்போது லைன் உருவுவதைக் கட்டுப்படுத்தும் ரீல் பிரேக்கை) லைனின் தாங்குதிறனில் கால்பங்குக்கு முன்பே வைத்திருக்க வேண்டும். படகைப் பட்டென்று நிறுத்தாதீர்கள், லைன் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். வேகத்தைக் குறைத்து மெதுவாக முன்னேறிக்கொண்டே இருங்கள், முதல் ஓட்டத்தை மீன் ஓடி முடிக்கட்டும். வஞ்சிரத்தைப் படகில் ஏற்றிய பிறகு வாய்ப்பக்கம் கை போகக் கூடாது, குறடுதான்.

பிற்சேர்க்கை: லைன் முறுக்கேறி நூல்கண்டாகிறது என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருந்தார்கள். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) போட்டு இழுத்தால் அப்படித்தான் ஆகும். அது சுழன்றுகொண்டே வரும். பால்-பேரிங் சுவிவல் (லைன் முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) போடுங்கள், மலிவு ரகம் வேண்டாம், பாரம் ஏறினால் சுற்றாது. ஏற்கெனவே முறுக்கேறிய லைன் என்றால், நுனியில் எதையும் கட்டாமல் வெறும் லைனை நீளமாகப் படகுக்குப் பின்னால் விட்டுப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். தானாகப் பிரிந்துவிடும்.