ஃபுட்பால் சுயசரிதை படிக்கறப்ப இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிளேயரோ மேனேஜரோ எழுதுன புக்குன்னா உள்ள இருக்கற ஒவ்வொரு வரியும் அவரே உட்கார்ந்து எழுதுனதுன்னு நம்பிடறதுதான் முதல் தப்பு. பெரும்பாலும் பேசறது அவரு, எழுதறது வேற ஒருத்தரு, அந்தப் பேரு அட்டையிலயோ உள்பக்கத்துலயோ இருக்கும், மொதல்ல அதைத் தேடிப் பாத்துடுங்க. ஸ்வீடன் பிளேயர் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் புக்கை எழுதுன டேவிட் லாகர்கிரான்ட்ஸ், அதுல ஸ்லாட்டான் சொன்னபடியே வர்ற மேற்கோள்னு எதுவும் இருக்கறதா தோணலன்னு பின்னாடி அவரே சொன்னாரு. புக்கு அருமையான புக்கு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அதுல இருந்து ஒரு வரிய உருவி ஸ்லாட்டான் சொன்னாருன்னு ஷேர் பண்றது சரியில்ல.

அப்ப மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனா இருந்த ராய் கீனோட 2002 புக்க எடுத்துக்கோங்க. 2001 ஏப்ரல் மான்செஸ்டர் டெர்பில (யுனைடெட்டும் சிட்டியும் மோதற மேட்ச்) சிட்டி பிளேயர் ஆல்ஃபி ஹாலண்ட் முழங்கால்ல கீன் ஏறி மிதிச்சது வேணும்னே பண்ணதுங்கற மாதிரி அதுல வந்துடுச்சு. எழுதிக்குடுத்த ஈமன் டன்ஃபி, அந்த வார்த்தையெல்லாம் நான் போட்டதுன்னு விசாரணையில சொல்லிப் பாத்தாரு, எடுபடல, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்.ஏ. கீனுக்கு 5 மேட்ச் தடையும் 1,50,000 பவுண்டு ஃபைனும் போட்டுடுச்சு. இதைப் படிச்சுட்டு அந்த ஒரு டேக்கிள்தான் ஹாலண்ட் கரியரையே முடிச்சுச்சுன்னு இன்னிக்கும் நிறைய பேர் சொல்லிட்டிருக்காங்க, ஆனா அடி விழுந்தது வலது கால்ல, அவரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது இடது முழங்கால்ல.

அப்புறம் புக்கு எப்ப வந்துச்சுன்னு பாக்காம படிக்காதீங்க. ஆடிட்டிருக்கறப்பவே எழுதுனா ஒண்ணு எதையும் சொல்ல மாட்டாங்க, இல்ல சொல்லி மாட்டிக்குவாங்க. இங்கிலாந்து பிளேயர் ரூனி 2006ல, 20 வயசுல போட்ட புக்குல தன்னோட பழைய மேனேஜர் டேவிட் மோயஸ் பத்தி எழுதப்போய் கேஸாகி, 2008ல மன்னிப்பும் கேட்டு நஷ்டஈடும் குடுக்க வேண்டியதாச்சு. யுனைடெட் டிஃபெண்டர் யாப் ஸ்டாம் புக்கு 2001ல வந்த கொஞ்ச நாள்லயே அவரை இத்தாலி கிளப் லாட்ஸியோவுக்கு வித்துட்டாங்க, புக்குனாலதான் வித்தாங்கன்னு எல்லாரும் அடிச்சு சொல்றாங்க, அப்ப யுனைடெட் மேனேஜரா இருந்த ஃபெர்குசன் அது காரணமே இல்லன்னாரு, ஸ்டாம் புக்கை மட்டும் வெச்சு இதுல தீர்ப்பு எழுத முடியாது.

ஒரு தரப்ப மட்டும் படிச்சுட்டு முடிவு பண்றது இன்னொரு தப்பு. 2005 நவம்பர்ல கீன் யுனைடெட்ட விட்டுப் போனத ஃபெர்குசன் 2013 புக்குல ஒரு மாதிரி சொல்றாரு, கீன் அடுத்த வருஷமே எழுத்தாளர் ராடி டாயில் கூட சேந்து போட்ட புக்குல வேற மாதிரி சொல்றாரு. முழுசா படிக்க டைம் இல்லன்னா அந்தப் பகுதிய மட்டுமாவது ரெண்டுலயும் அடுத்தடுத்து படிங்க.