ஃப்ரெட்லெஸ் பேஸில் டபுள் பேஸ் ஒலி வர

ஃப்ரெட்லெஸ் என்பது விரல்பலகையில் ஃப்ரெட் எனும் உலோகத் தடுப்புகள் இல்லாத எலக்ட்ரிக் பேஸ் கிட்டார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். பிறகு விரல்பலகை முடியும் இடத்தில் கட்டைவிரலின் சதையால் மீட்டுங்கள்.

டபுள் பேஸில் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும், வயலின் வடிவப் பெரிய மர வாத்தியம்) மீட்டிய சுரம் 'தும்' என்று எழுந்து சீக்கிரமே அடங்கும்; எலக்ட்ரிக் பேஸில் நீண்டுகொண்டே போகும். அந்த நீட்சியையும் மேல்சுரங்களின் கிணுகிணுப்பையும் ஸ்பாஞ்ச் விழுங்கிவிடுகிறது. துண்டு தடித்துவிட்டால் வெறும் 'டொக்' சத்தம்தான் மிஞ்சும், மெலிதாகவே வெட்டுங்கள்.

முதல் ஃப்ரெட்லெஸ் வாங்குகிறவர்கள் பிளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய, வழவழப்பான) கம்பியே போடுங்கள். ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான கம்பி) ரோஸ்வுட் மரப் பலகையை அரம்போல் அராவும். ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பலகைக்கு எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின்) பூசித்தான் ரவுண்ட்வவுண்டைப் போட்டார். அவர்போலச் சுரம் 'ம்வா' என்று நீண்டு பாடவேண்டுமானால் இந்த ஸ்பாஞ்ச் ஆகாது, எடுத்துவிடுங்கள்.