பாமினிப் பாடத்தைப் பேச வைத்தது எப்படி?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு விஞ்ஞானப் பயிற்சி மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். தரம் 9இல் படிக்கும் பார்வை குறைந்த மாணவி அதை என்விடிஏ என்ற திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளில், திறந்தார். "அண்ணா, இது தமிழ வாசிக்கவே இல்லையே" என்றார்.

வினாக்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அதில் 'அம்மா' என்பது கண்ணுக்குத்தான் அம்மா. உள்ளே இருப்பவை ஆங்கில விசைப்பலகையின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்க்காது, குறியீட்டைத்தான் வாசிக்கும்.

சரி, எல்லாவற்றையும் தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றும் கருவி வேகமானதுதான், ஆனால் இடையில் இருந்த இரசாயனச் சூத்திரங்களையும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தாக்கிச் சிதைத்துவிட்டது. டீச்சர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தந்தார். அந்த வேலையை நிரலாளர் தனியாகச் செய்யவே முடியாது. அப்புறம் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்தேன். அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்குத் தானாக மாறாது.

படங்களுக்கு நான் எழுதிய விளக்கத்தைக் கேட்ட மாணவி, "நிறம் வேணாம், எது எதுக்குப் பக்கத்துல இருக்குனு சொல்லுங்க" என்றார். இப்போது பூவின் குறுக்குவெட்டுக்கு டீச்சரே விளக்கம் எழுதுகிறார். மாணவி கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் சேர்க்கிறோம்.