கோடை இசை விழாவுக்கு முதல் முறை போகிறீர்களா?

மேடைக்கு முன்னால் முண்டியடித்து நிற்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் பாட்டு நன்றாகக் கேட்பது மைதானத்தின் நடுவே, ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சர் கருவி வைத்திருக்கும் பந்தலுக்குப் பக்கத்தில்தான். ஒலியமைப்பாளர் அங்கே தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். முடிந்தால் அங்கே இடம் பிடியுங்கள்.

காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபல் சத்தத்தைப் பாதுகாப்பில்லாமல் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது கணக்கு. பெரிய ஸ்பீக்கர் அருகில் அந்தச் சத்தம் சர்வசாதாரணம். நுரை அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, அடைப்பானை உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். சும்மா காது வாசலில் சொருகினால் பிரயோஜனம் இல்லை. குழந்தைகளுக்கு ஹெட்போன் மாதிரி இருக்கும் காது மூடிதான் சரி.

அப்புறம் செல்போன். கூட்டம் சேர்ந்தால் சிக்னல் திணறும். டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கிவிடுங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தையும் முன்பே பேசி வையுங்கள். நுழைவாயில் மட்டும் வேண்டாம், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

தொப்பி, பழகிய ஷூ, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுவார்களா என்று விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத குழுக்கள் பெரும்பாலும் மதியமே வாசித்துவிடும். சீக்கிரம் போனால் நெரிசல் இல்லாமல் கேட்கலாம்.