பைக் ஷெட் தரை: ஈரத்தின் மேல் எபாக்சி பூசாதீர்கள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு தம்பி, வீட்டை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பைக் ஷெட் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, நாளைக்கு எபாக்சி போட ஆள் வர்றாங்க. கிரேவா, நீலமா, கலர் மட்டும் சொல்லுங்க" என்றான். எபாக்சி என்றால் சிமென்ட் தரைமேல் பூசும் பளபளப்பான பிசின் பூச்சு. தரை போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். "பத்து நாள்ணா." கலர் அப்புறம் பார்க்கலாம், முதலில் போன் போட்டு வேலையை நிறுத்து என்றேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் என் ஷெட்டுக்குத் தரை போட்டபோது இப்படித்தான் நானும் கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வழவழ டைல்ஸ் வழுக்கும், வெள்ளைத் தரையில் ஆயில் கறை தெரியும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையெல்லாம் விட்டுவிட்டு, பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஈரம் பார்க்காமல் எபாக்சி

நான் பூசியது சித்திரை மாதம். வெயிலில் தரை சுக்காகக் காய்ந்திருந்தது. பூசி முடித்த அன்று என் ஆர்எக்ஸ் 100 பைக்கின் நிழல் தரையில் தெரிந்தது. ஆறு மாதம் அந்தத் தரையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது வாரம், சுவரோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். கார்த்திகையில் அதுவே எட்டணா அளவு. கட்டைவிரலால் அழுத்தினேன், பட்டென்று உடைந்து உள்ளிருந்து பிசுபிசுப்பாகத் தண்ணீர் வந்தது. மார்கழிக்குள் சென்டர் ஸ்டாண்ட் நிற்கும் இடத்தில் பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்துவிட்டது.

காரணம் எளியது. கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதற்குள் மயிரிழை போன்ற நுண்துளைகள் உண்டு. மண்ணில் உள்ள ஈரம் அவற்றின் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெறும் சிமென்ட் தரையென்றால் ஏறும் ஈரம் காற்றில் போய்விடும். நம் கண்ணுக்கே தெரியாது. எபாக்சி அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக இடமில்லாத ஈரம் பூச்சைத் தூக்குகிறது. மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள்; மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

பூசியவரைக் கூப்பிட்டேன். "சார், ஒரு டாப் கோட் போட்டா சரியாயிடும்" என்றார். அதற்கும் பணம் கொடுத்தேன். அடுத்த மழையில் அதுவும் போனது. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பூசுமுன் ஈரம் பார்க்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, நிறமில்லாத பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாள் விடுவேன். பிரிக்கும்போது அடியில் நீர்முத்து இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ எபாக்சி வேண்டாம். நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று என இரண்டு இடத்திலாவது ஒட்டுங்கள். முக்கியமாக, மழைக்காலத்தில் பாருங்கள். சித்திரையில் பார்த்திருந்தால் என் தரையும் இந்தச் சோதனையில் தேறியிருக்கும்.

புதிதாகத் தரை போடுபவர்களுக்கு வழி சுலபம். கான்கிரீட் கொட்டுமுன் 250 மைக்ரான் பாலிதீன் விரியுங்கள். ஒட்டுப்போடும் இடத்தில் ஒரு ஷீட் மேல் இன்னொன்று அரையடி ஏறியிருக்கட்டும். சுவரோரம் மேலே மடித்து விடுங்கள். பிறகு எபாக்சி பூச 28 நாள் பொறுங்கள். பழைய தரை ஈரம் காட்டினால் பூச்சு ஆசையை விட்டுவிட்டு, சிமென்டுக்குள் ஊறி இறுகும் சிலிகேட் ஹார்டனர் அடியுங்கள். பளபளப்பு வராது, ஆனால் தூசி அடங்கும். பெயர்வதற்கு மேலே படலமே இல்லை.

இன்னொன்று. பெயர்ந்த எபாக்சித் துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் மாவு ஒட்டியிருந்தால், தரையின் மேல்தோலில் படிந்து காய்ந்த சிமென்ட் பாலை மிஷின் வைத்துத் தேய்க்காமலே பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது வேறு தவறு, பூசியவருடைய தவறு.

உருண்டை வைத்து ஒட்டிய டைல்ஸ்

நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று என்று கலவையை உருண்டையாக வைத்து டைல்ஸை அமுக்கிவிட்டுப் போகும் மேஸ்திரிகள் உண்டு. மனிதர் நடக்க அது தாங்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் ஒன்று 195 கிலோ. சைடு ஸ்டாண்டின் அடிப்பாகம் ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். அது டைல்ஸின் பொள்ளலான இடத்தில் பட்டால் நட்சத்திரம் மாதிரி விரியும். அடி முழுக்கக் கலவை பரப்பச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் மேஸ்திரி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள் போட்டு மிஞ்சிய மெல்லிய டைல்ஸை ஷெட்டுக்குத் தள்ளிவிட வேண்டாம்.

வாட்டம்

தண்ணீர் ஓட, பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், வாசல் பக்கமாகத் தரை சரியட்டும். பைக்கின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும்; பள்ளத்தைப் பார்த்து நின்றால் வண்டி முன்னால் உருண்டு சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும்.

பிவிசி விரிப்பு

டயர் நிற்கும் இடத்தில் பழுப்புக் கறை விழும். டயரில் இருக்கும் ரசாயனம் விரிப்புக்குள் இறங்குவதால் வருவது அது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

பள்ளம்

ரிப்பேர் பார்க்க என்று ஷெட் தரையில் பள்ளம் வெட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும்.

அந்தத் தம்பியின் ஷெட்டில் அன்று சாயங்காலமே பாலிதீன் ஒட்டினோம். மறுநாள் பிரித்தபோது அடியெல்லாம் நீர்முத்து. பத்து நாள் தரையில் வேறென்ன இருக்கும்? ஷீட் விரித்துத்தான் கான்கிரீட் போட்டார்களா என்று அவனுக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு வெறும் சிமென்ட் தரையில்தான் வண்டி நிற்கிறது. ஆயில் ஊறிய சிமென்டில் பிற்பாடு எபாக்சி பிடிக்காது என்பதால் இன்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைக்கச் சொன்னேன். கார்த்திகையில், நல்ல மழைக்கு நடுவில், மறுபடி ஒட்டிப் பார்க்கப்போகிறோம்.